12 வோல்ட் லைட்டுக்கு ரிமோட் சுவிட்ச்: ஐஆரா, ஆர்எஃப்பா?

மண்டபம்_கரை:
வலை வைக்கிற கீற்றுக் கொட்டகை. சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, 5 வாட்ஸ் எல்இடி ஆறு. வீட்டுல இருந்து 25 மீட்டர், நடுவுல செங்கல் சுவர். வீட்டுல இருந்தே போட்டு அணைக்கணும். எதை வாங்கலாம்? உப்புக்காத்துக்குத் தாங்குமா அண்ணே?

தொண்டி_வயர்மேன்:
ஐஆர் (டிவி ரிமோட்ல வர்ற அகச்சிவப்பு ஒளி) வேணாம், சுவர் தாண்டாது. ஆர்எஃப், அதாவது ரேடியோ அலைதான் சரி. 433 மெகாஹெர்ட்ஸ் ஒரு சேனல் ரிலே (மின்சாரத்துல இயங்குற சுவிட்ச்) போர்டு, 12 வோல்ட் டிசி, ரிமோட்டோட வாங்குங்க. 230 வோல்ட் போர்டும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அச்சைப் படிச்சுட்டு காசு குடுங்க.

மொத்தம் 30 வாட்ஸ், 2.5 ஆம்பியர். 10 ஆம்பியர் ரிலே தாராளம். பேட்டரி பிளஸ் பக்கத்துலயே 5 ஆம்பியர் பியூஸ். அதுல இருந்து ரெண்டு வயர்: ஒண்ணு போர்டு பிளஸ்ஸுக்கு, ஒண்ணு ரிலேயோட காம் (COM, பொது) முனைக்கு. என்ஓ-ல (NO, ரிலே ஆன் ஆனா மட்டும் காமோட சேர்ற முனை) இருந்து லைட் பிளஸ். மைனஸ் எல்லாம் பேட்டரிக்கு.

ரிமோட்டைப் போர்டுக்குப் பழக்குற லேர்ன் பட்டனை பெரும்பாலான போர்டுல ரெண்டு தடவை அமுக்கினா ஒரே பட்டன்ல ஆன்-ஆஃப். மூணு தடவைன்னா ஆனுக்கு ஒண்ணு, ஆஃபுக்கு ஒண்ணு. சுவருக்கு அந்தப் பக்கம் லைட் எரியுதான்னு தெரியாது, அதனால மூணு. சந்தேகம்னா ஆஃபை இன்னொரு தடவை அமுக்கிக்கலாம்.

ராம்நாடு_ரிலே:
மைனஸ் விஷயத்துல மட்டும் மாத்துச் சொல்றேன். கன்ட்ரோலர் இருக்குன்னா லைட்டும் போர்டும் அதோட லோடு முனையில (லைட் மாதிரி சாமான் மாட்டுற முனை) நிக்கட்டும். மலிவான கன்ட்ரோலர் பலதும் மைனஸைத்தான் துண்டிக்கும். லைட் மைனஸ் நேரா பேட்டரிக்குப் போனா, சார்ஜ் இறங்கினாலும் கட் ஆகாது, பேட்டரி காலி. பியூஸ் பேட்டரிகிட்டயே இருக்கட்டும்.

உப்புக்கு: போர்டை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில வைங்க, வயர் அடிப்பக்கமா நுழையணும். தகரப் பெட்டின்னா சிக்னல் செத்துடும். சாலிடர் பக்கம் அக்ரிலிக் வார்னிஷ். லேர்ன் பட்டன்லயும் ஸ்க்ரூ முனையிலயும் படக்கூடாது. புளிச்ச வாடை அடிக்கிற சிலிகான் வேணவே வேணாம், அந்த அமிலமே செம்பைப் பச்சையாக்கிடும். நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. ஆன்டெனா வயர் 17.3 செ.மீ., சுருட்டாம நேரா.

மண்டபம்_கரை:
மாட்டியாச்சு. டக்குனு ரிலே சத்தம் கேக்குது, லைட் எரியல.

தொண்டி_வயர்மேன்:
காம்-க்கு பிளஸ் குடுக்கல. ரிலே வெறும் சுவிட்ச்தான் தம்பி, அதுல இருந்து தானா 12 வோல்ட் வராது. போர்டு பிளஸ்ல இருந்து காம்-க்கு ஒரு துண்டு வயர் போடுங்க.