வரவேற்பு ஞாயிறுக்கு 22 பேர், செப்டம்பரில் 5 பேர்: ஹாஸ்டல் பிள்ளைகள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி | சபைக்கமிட்டி_நாகர்கோவில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு பொறியியல் கல்லூரியும் ஒரு நர்சிங் கல்லூரியும் இருக்கின்றன. வருஷா வருஷம் ஜூலை முதல் வாரம் மாணவர் வரவேற்பு ஞாயிறு வைக்கிறோம்: மேடை, கேக், ஆளுக்கொரு பேனா. இந்த வருஷம் 22 பேர் வந்தார்கள். செப்டம்பரில் எண்ணினால் 5 பேர். வாலிபர் சங்கத்தைக் கேட்டால் "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்கிறார்கள். கல்லூரிக்குள் ஒரு ஜெபக்குழு இருக்கிறதாம், அங்கே போகிறவர்கள் சபைக்கு வருவதில்லை என்றும் ஒரு குறை. அடுத்த வருஷம் எதை மாற்றலாம்? பட்ஜெட் பெரிதாக இல்லை.

பதில் 1 | பின்வரிசை_பெஞ்சு

முதலில் தேதியைப் பாருங்கள். ஜூன் கடைசி, ஜூலையில் வகுப்பு தொடங்குவது கலை அறிவியல் கல்லூரிகளில். பொறியியல் முதலாண்டு கவுன்சலிங் முடிந்து வந்து சேர ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆகிவிடும். நர்சிங் அதற்கும் பிந்தும். ஆக உங்கள் ஜூலை கேக்கைச் சாப்பிட்டது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். ஊர் தெரியாமல், ஆள் தெரியாமல் நிஜமாகவே தவித்துப்போய் வருகிற முதலாண்டுப் பிள்ளை சபைக்குள் நுழையும்போது உங்கள் விழா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரே விழாவை விட்டுவிட்டு மூன்று சின்ன ஞாயிறுகளாகப் பிரியுங்கள். எந்த ஞாயிறு என்பதை இரண்டு கல்லூரி அலுவலகத்திலும் வகுப்பு தொடங்கும் தேதி கேட்டு முடிவு செய்யுங்கள்.

மேடையே வேண்டாம். புதுப்பிள்ளையை முன்னால் கூப்பிட்டு மைக்கில் பெயர் சொல்லச் சொல்வது நமக்கு உபசாரம், அதற்குத் தண்டனை. ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகு வரும் பத்து நிமிஷம்தான் முக்கியம். அந்தப் பத்து நிமிஷமும் நம் ஆட்கள் கமிட்டி விஷயம் பேசிக்கொண்டு வாசலில் நிற்பார்கள், பிள்ளைகள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். நான்கு பேரை இதற்கென்றே வையுங்கள்: இரண்டு ஆண், இரண்டு பெண், நாற்பதைத் தாண்டிய ஒருவராவது அதில் இருக்கட்டும். கேட்க வேண்டியது எந்த ஊர், என்ன படிப்பு, ஊரில் எந்தச் சபை, அவ்வளவுதான். ஒரு நோட்டில் பெயர், ஊர், ஹாஸ்டல், பிறந்தநாள். போன் நம்பர் அவர்களாகத் தந்தால் மட்டும். பெண்பிள்ளைகளின் நம்பர் பெண்களிடமே இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். புதன்கிழமை ஒரு விசாரிப்பு போக வேண்டும், "இன்டர்னல் எப்படிப் போகுது" என்கிற மாதிரி. "ஞாயிறு வருவீங்களா" என்று கேட்டால் அது வசூல் போன் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பெஞ்சு. "இது எங்க இடம், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று ஒரு வார்த்தை ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அந்தப் பிள்ளை மறுவாரம் வராது. இன்னொன்று புத்தகம். கீர்த்தனை நம்பரை அறிவித்ததும் கையில் பாமாலையைப் புரட்டிக்கொண்டு நிற்கிற முகத்தை ஒரு ஞாயிறு கவனித்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவருக்கு இரண்டு பாட்டுப் புத்தகம் உண்டு என்பதே தெரியாது, ஆராதனை முறையில் எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழங்காலில் நிற்பது என்பதும் தெரியாது. பின்வரிசையில் பாமாலை, கீர்த்தனை, ஆராதனை முறை என்று மூன்று புத்தகமும் ஆறு செட் வைத்து, அந்த வரிசையிலேயே சபை ஆள் ஒருவர் உட்கார்ந்து பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறுகிற நற்கருணை) ஞாயிறு தனி. திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகிற சடங்கு) பெறாதவர்கள், வேறு சபைக்காரர்கள் என்ன செய்வது என்று சபை ஆயரிடம் (போதகரிடம்) முன்னதாகவே கேட்டு, சனிக்கிழமையே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். எழுந்து முன்னே போன பிறகு யாராவது தடுத்தால் அந்த அவமானம் லேசில் ஆறாது.

பதில் 2 | மரச்சீனி_சமையல்கட்டு

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது கோயிலுக்குள். பிள்ளைகள் நிற்பதும் போவதும் வீட்டில் தீர்மானமாகிறது.

மாதம் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாடு. கோயில் ஹாலில் அசனம் (சபை விருந்து) மாதிரி வரிசையில் நிறுத்திப் போடாமல் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு 3 பேர். ஒற்றைப் பிள்ளையாக எங்கேயும் அனுப்பக் கூடாது. 15 பேர் என்றால் 5 குடும்பம் போதும், அதே 5 குடும்பம் வருஷம் முழுக்க. மாதாமாதம் வீடு மாறினால் ஒவ்வொரு தடவையும் "அப்பா என்ன வேலை, எத்தனை பேர் கூடப் பிறந்தது" என்றே ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது மாதம் அந்தப் பிள்ளை கேட்காமலே அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தால் காரியம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கல்லூரிப் பையன்களுக்கு அரிசி ஆளுக்கு 150 கிராம் கணக்கு வையுங்கள், 100 போதாது. மாலைக் கூடுகைக்கு என்றால் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ) மலிவு. 20 பேருக்கு தோலோடு 6 கிலோ போதும். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுதண்ணீரில் உப்புப் போட்டு வேக வையுங்கள், கிழங்கின் கட்டு (நச்சு) இறங்கும். மீன்கறி எல்லாரும் சாப்பிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். உள்மாவட்டப் பிள்ளைகள் சிலருக்கு நம் தேங்காய் அரைத்த கறியே புதுசு, ஒரு ரசமும் முட்டையும் இருக்கட்டும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஒன்று. முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான், சட்டப்படி குழந்தைகள். முதல் தடவை வீட்டுக்கு அழைக்கும் முன் பெற்றோரிடம் போனில் பேசிவிடுங்கள், வார்டனுக்கு எந்த வீடு, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் கொண்டுவிடுவதும் பெண்கள். வீட்டில் அந்த நேரம் இல்லத்தரசி இல்லையென்றால் அன்றைக்கு அந்த வீடு வேண்டாம். விடுதி 6 மணிக்குக் கதவடைத்தால் நீங்கள் 5.30க்கு வாசலில் நிற்க வேண்டும். ஒரு தடவை பிந்தினால் வருஷம் முழுக்க அனுமதி போச்சு.

பதில் 3 | கோட்டாறு_அன்பியம்

கத்தோலிக்கப் பங்கிலிருந்து (எங்கள் கோயில் சபையிலிருந்து) ஒரு வார்த்தை. நாங்கள் மாணவர்களை அன்பியங்களில் சேர்க்கிறோம். பக்கத்து 30 குடும்பம் கூடுகிற இடத்தில் இரண்டு மாணவர் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்குப் பாட்டியும் கிடைப்பார், குழந்தையும் கிடைக்கும். இளைஞர் கூட்டத்தில் வயதொத்தவர்கள் மட்டும்தான். 1924ல் தொடங்கிய ஐக்கஃப் என்கிற கத்தோலிக்க மாணவர் இயக்கம் கல்லூரிக்குள் இருந்தால் அங்கே போகட்டும், பங்கு வேறு, இயக்கம் வேறு.

உங்கள் நோட்டில் தூத்தூர், குளச்சல், முட்டம் என்று ஊர் எழுதியிருந்தால் அநேகமாக எங்கள் பிள்ளைகள். பக்கத்துப் பங்கின் திருப்பலி நேரத்தை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அதே போல உங்கள் பிள்ளைகளை நாங்கள் அனுப்புவோம். ஆள்பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஹாஸ்டலில் ஒரு நாளில் பரவும்.

பதில் 4 | மாற்கு_எட்டு

"ஜெபக்குழுவுக்குப் போகிறவர்கள் சபைக்கு வருவதில்லை" என்ற குறைக்கு வருகிறேன். அங்கே போட்டி போட்டால் தோற்பீர்கள், போடவும் கூடாது. யூ.இ.எஸ்.ஐ. 1954ல் தொடங்கிய, சபைப் பிரிவு சாராத மாணவர் இயக்கம். கல்லூரியில் நடப்பது இ.யூ., பல கல்லூரி சேர்ந்து கூடுவது ஐ.சி.இ.யூ., படித்து முடித்தவர்களுக்கு இ.ஜி.எஃப். தலைமை மாணவர்களுடையது. உங்கள் பக்கத்துக் குழு எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள். பிறகு அதன் மாணவத் தலைவரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "சனிக்கிழமை கூட இடம் வேண்டுமா? எங்கள் சபையில் எந்த நேரம் உங்கள் கூட்டத்தோடு மோதுகிறது?" வாலிபர் சங்கமும் இ.யூ.வும் ஒரே மாலையில் இருந்தால் மாற வேண்டியது வாலிபர் சங்கம்.

வேதபாடம் நடத்துகிறவர்கள் கவனிக்க: 6 முதல் 8 பேர், 45 நிமிஷம். 10 பேர் ஆனால் இரண்டாகப் பிரியுங்கள். அதற்கு மேல் போனால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு வரமாட்டார்கள். ஒரு செமஸ்டரில் 15, 16 வாரம் இருப்பதாகக் காலண்டர் சொல்லும். இன்டர்னல், தீபாவளி, ஊருக்குப் போகிற வாரம் எல்லாம் கழித்தால் நடப்பது 9 அல்லது 10. மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரத்தையும் ஒரே செமஸ்டரில் முடிக்கத் திட்டமிட்டுப் பாதியில் விடுவதுதான் வழக்கம். முதல் செமஸ்டர் 1 முதல் 8 வரை, அடுத்தது 9 முதல் 16 வரை என்று பிரியுங்கள். 8ம் அதிகாரத்தில் "என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்" என்று இயேசு கேட்டு பேதுரு பதில் சொல்கிறார். புத்தகம் திரும்புகிற இடமே அது, விடுமுறைக்கு முன் நிறுத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கேள்விகள் ஐந்தாறு போதும். உதாரணம் 2ம் அதிகாரத் திமிர்வாதக்காரன். தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்? வாசல் வழி ஏன் போக முடியவில்லை? கூரையைப் பிரித்தால் கீழே இருந்தவர்கள் தலையில் என்ன விழுந்திருக்கும்? இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று வசனம் சொல்கிறது? நடக்க வைக்கத் தூக்கி வரப்பட்டவனிடம் முதலில் பாவமன்னிப்பைப் பற்றி ஏன் பேசினார்? முதல் கேள்விகளுக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும், கூச்சப்படுகிற பிள்ளையும் வாய் திறக்கும். எடுத்த எடுப்பில் "இந்தப் பகுதியிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்டால் "ஜெபிக்கணும், வேதம் வாசிக்கணும்" என்று மனப்பாடம்தான் வரும். ஞானஸ்நானம், அந்நியபாஷை விவாதத்தை இந்தக் குழுவில் தொடவேண்டாம், ஒரு மாலையில் குழு இரண்டாகும்.

வாசிப்பிலும் சிக்கல் உண்டு. மலையாளிப் பிள்ளைகளுக்கு நாம் பேசுவது புரியும், தமிழ் எழுத்து ஓடாது. ஆங்கிலப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் சிலரும் பழைய மொழிபெயர்ப்பைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வியர்த்துப் போவார்கள். வாசிக்க வட்டமாக முறை வைக்காதீர்கள், விருப்பப்பட்டவர் வாசிக்கட்டும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கிற மூத்தவர்கள் சபைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்தப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். இரு பக்கமும் சந்தோஷப்படும்.

பதில் 5 | வார்டன்_மேசை

ஹாஸ்டல் பக்கத்திலிருந்து. கல்லூரி வளாகத்துக்குள் சபையின் பெயரில் எதுவும் செய்யாதீர்கள். கிறிஸ்தவக் கல்லூரி என்றாலும் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். பிற கல்லூரி என்றால் வளாகத்துக்கு வெளியே கூடுங்கள். வாசலில் துண்டுப்பிரதி கொடுப்பது, அறை அறையாகப் போய் அழைப்பது இரண்டும் கூடாது. 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம், ஒரு நோட்டீஸ் எங்கே போய் முடியும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிற சமயத்து நண்பர் சாப்பாட்டுக்குக் கூட வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவர் பெயர் உங்கள் நோட்டில் ஏற வேண்டாம்.

நர்சிங் பிள்ளைகளுக்கு வார்டு டூட்டி இருக்கும், எல்லா ஞாயிறும் வர முடியாது. "போன வாரம் காணோமே" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். டூட்டி அட்டவணையைக் கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர் | சபைக்கமிட்டி_நாகர்கோவில்

எல்லாருக்கும் நன்றி. தேதி விஷயம் எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. வார்டன் ஐயா, ஒரு சந்தேகம். 8.30 ஆராதனைக்கு வந்தால் மெஸ்ஸில் காலைச் சாப்பாடு போய்விடுகிறது என்று இரண்டு பிள்ளைகள் சொன்னார்கள். முதல் ஆராதனைக்கு வரச் சொல்லலாமா?

பதில் | வார்டன்_மேசை

விடியற்காலை ஆராதனைக்குப் பெண்கள் விடுதிக் கதவு திறக்காது, அந்த யோசனையை விடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறவர்கள் எண்ணிக்கையை மெஸ்ஸில் சொன்னால் எடுத்து வைக்கச் சொல்லலாம், ஆனால் 11 மணிக்கு அந்த இட்லி கல். ஆராதனை முடிந்ததும் நீங்களே ஆளுக்கு 4 இட்லியும் ஒரு வடையும் கொடுத்துவிடுங்கள். 15 பேருக்கு 60 இட்லி. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாரம் இரண்டு வீடு என்று முறை போட்டால் ஒரு வீட்டுக்கு 30 தான், வீட்டு இட்லிக் கொப்பரையில் இரண்டு, மூன்று ஈடு.

பதில் | பின்வரிசை_பெஞ்சு

சாம்பார் வேண்டாம், சட்னி வையுங்கள். நின்றுகொண்டு சாப்பிடும்போது வெள்ளைச் சீருடையில் கொட்டும், நர்சிங் பிள்ளைகள் அதற்குப் பயந்தே தட்டை எடுக்காது.