97 மாடல் மாருதி 800: இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

திருச்சி_800

அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என்னிடம். 1997 மாடல், கார்புரேட்டர், நாலு கியர். ஒரு மாதமாகச் சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடுகிறது. ரோட்டில் 60-ல் போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. சுலோ ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றினால் இரைகிறது, இறக்கினால் அணைகிறது. பானெட்டைத் திறந்தால் ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம். மேனிஃபோல்டுக்குக் (கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குப் போகும் குழாய், எஞ்சின் தண்ணீரும் அதன் வழியாக ஓடும்) கீழே பச்சைக் கறை வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை லிட்டர் கூலன்ட் ஊற்றுகிறேன்.

பக்கத்துப் பட்டறையில் மேனிஃபோல்டு பேக்கிங் (அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 2 நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். பேக்கிங் விலை சில நூறு ரூபாய்தான். சாக்கெட் செட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. நானே இறங்கலாமா?

ஞாயிறு_ஸ்பேனர்

தாராளமாக இறங்குங்கள். 800-ஐவிட எளிமையான எஞ்சின் இந்த ஊரில் ஓடுவது அரிது. 796 சிசி, மூன்று சிலிண்டர், பானெட்டுக்குள் கை நுழைய இடம் உண்டு. ஏர் ஃபில்டர், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் ஹோஸ், வேக்கம் ஹோஸ்கள், தண்ணீர் ஹோஸ். இவற்றைக் கழற்றினால் கார்புரேட்டரோடு சேர்த்தே மேனிஃபோல்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் 12 நம்பர் நட்டுகள்தான். ஒவ்வொரு ஹோஸையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

நான் போன வருடம் என் வண்டியில் செய்தேன். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 ஆனது. பட்டறையில் 3 மணி நேரத்தில் முடிப்பார்கள். ஆனால் அந்த 3 மணி நேரத்தில் சிலிண்டர் ஹெட்டில் மேனிஃபோல்டு உட்காரும் முகத்தை யார் பொறுமையாகச் சுத்தம் செய்கிறார்கள்?

பட்டறை_30வருஷம்

தம்பி, அந்தக் கடைசி வரிக்குப் பதில் பிறகு சொல்கிறேன். முதலில் கேட்டவருக்கு.

பேக்கிங் போனது என்று எப்படி முடிவானது? ‘உஸ்’ சத்தத்தை வைத்தா? சிக்னலில் அணைந்து ரோட்டில் நன்றாக ஓடினால் ஏர் பிடிக்கிறது என்பது சரி. த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகடு) மூடியிருக்கும்போதுதான் மேனிஃபோல்டுக்குள் வேக்கம் அதிகம். அப்போது உள்ளே போகும் காற்றும் கொஞ்சம், அதனால் ஊசித் துளை அளவு லீக்கும் கலவையைக் கெடுத்துவிடும். ஆனால் அந்தக் காற்று கார்புரேட்டர் அடியில் இருக்கும் பேக்கிங் வழியாகப் போகலாம். 27 வருடத்துக்கு மேல் ஆன கார்புரேட்டரில் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து அந்த இடைவெளியில் போகலாம். வெடித்த வேக்கம் ஹோஸ் ஒன்று போதும். பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டியென்றால் அதன் ஹோஸையும் பாருங்கள்; பெடல் கல் மாதிரி இறுகினால் கோளாறு அங்கே.

இது எதையும் பார்க்காமல் மேனிஃபோல்டை இறக்கி, புதுப் பேக்கிங் போட்டு ஏற்றி, அதே குலுக்கத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் ஒரு ஸ்டட்டையும் (ஹெட்டில் திருகியிருக்கும் மரைக் கம்பி) உடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இத்தனை வருடம் சூடும் ஈரமும் பட்டு இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் நட்டோடு ஸ்டட் வரும், இல்லை பாதியில் முறியும். அதை வீட்டு வாசலில் வைத்து எப்படி எடுப்பீர்கள்?

ஞாயிறு_ஸ்பேனர்

ஐயா, சோதித்துவிட்டு இறங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நான்தான் அதை விட்டுவிட்டேன். எஞ்சினை ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓட) விட்டு, கார்ப் கிளீனரை மேனிஃபோல்டு மூட்டில் அடித்துப் பார்க்கலாம். இரைச்சல் மாறும் இடம்தான் ஓட்டை.

பட்டறை_30வருஷம்

அதைத்தான் வீட்டில் செய்யாதீர்கள் என்கிறேன். கார்ப் கிளீனர் பெட்ரோல் மாதிரியே தீப்பிடிக்கும். ஓடுகிற எஞ்சின், சூடான எக்ஸாஸ்ட், பழைய பிளக் ஒயரில் தெறிக்கும் பொறி. வெறும் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மூட்டுகளில் மட்டும் மெல்ல அடியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகாதீர்கள். லீக் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒரு நொடி ஓட்டையை அடைக்கும், ஐடிலிங் மாறும்.

அதற்கும் முன்னால், சூடான எஞ்சினில் சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) பாதி இழுத்துப் பாருங்கள். குலுக்கம் குறைந்தால் கலவையில் காற்று அதிகம் என்று உறுதி. சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் வேறு இடத்தில் தேடுங்கள்.

கோவை_லேத்

இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. பேக்கிங் வயதாகி மட்டும் போவதில்லை. எஞ்சின் ஒரு தடவையாவது நன்றாகச் சூடேறியிருந்தால் மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கலாம். கழற்றியதும் நேர்ப்பட்டையை முகத்தில் வைத்து, கீழே பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் புதுப் பேக்கிங் சில மாதம்கூடத் தாங்காது. லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து (முகத்தைச் சீவிச் சமமாக்கி) தருவார்கள், அரை மணி நேர வேலை.

சுரண்டும்போது ஹாக்சா பிளேடு வேண்டாம். அலுமினியத்தில் அது போடும் ஒவ்வொரு கோடும் காற்று போகும் வாய்க்கால். மரச் சீவலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரோ போதும். எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் நேராக சிலிண்டருக்குள் போகும். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள். ஹெட்டில் இருக்கும் மூன்று துளைகளிலும் துணி அடையுங்கள், மூன்று என்று எண்ணி வைத்து மூன்றையும் எடுங்கள். துணியோடு மூடி ஸ்டார்ட் செய்த வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறது.

ஞாயிறு_ஸ்பேனர்

நன்றி அண்ணா. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அவசரமில்லாதவன் செய்ய வேண்டிய வேலை இது. என் வண்டியில் இதற்கு முன் வேலை செய்தவர் மூட்டு முழுக்க அனபாண்ட் என்ற சிலிக்கான் பேஸ்டை அப்பியிருந்தார். நான் கழற்றியபோது வழிந்து காய்ந்த ரப்பர் துண்டு இன்டேக் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல் பட்டால் ஊறி இளகும். இன்டேக்கில் அது கூடவே கூடாது. காய்ந்த முகம், காய்ந்த பேக்கிங், அவ்வளவுதான்.

பட்டறை_30வருஷம்

அப்பியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ‘கூடவே கூடாது’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் வழியைச் சுற்றி அரித்துப் பள்ளம் விழுந்த மேனிஃபோல்டுகளைத் தினமும் பார்க்கிறேன். புது மேனிஃபோல்டு எளிதில் கிடைப்பதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழையது கிடைத்தாலும் அதுவும் அரித்ததுதான். அங்கே தண்ணீர் துளையைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவு தடவி ஏற்றினால் நிற்கிறது. வண்டிக்காரர் மறுநாள் மகளைக் காலேஜில் விட வேண்டும். அவருக்கு ஃபேசிங், வெல்டிங் என்று ஒரு வாரம் சொல்ல முடியுமா?

அப்புறம் அந்தப் பழைய வரி. யார் பொறுமையாகச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான் செய்கிறேன். அதற்கு மணிக்கணக்கில் கூலி கேட்டால் யாரும் கொடுப்பதில்லை, பக்கத்துக் கடையில் குறைவாகச் சொன்னார்கள் என்று போய்விடுகிறார்கள்.

ஞாயிறு_ஸ்பேனர்

அந்த வரி உங்களைப் போன்றவர்களைக் காயப்படுத்தும் என்று யோசிக்கவில்லை, மன்னியுங்கள் ஐயா. ஆனால் உங்கள் பட்டறை என் ஊரில் இல்லை. அதனால்தான் நானே கற்றுக்கொண்டேன்.

திருச்சி_800

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சோக் இழுத்தேன், குலுக்கம் நின்றது. தண்ணீர் அடித்தபோது ஒரு ஓரச் சிலிண்டர் மூட்டில் ஐடிலிங் மாறியது. கார்புரேட்டர் அடியில் அடித்தபோது மாற்றமில்லை. ஆக, பேக்கிங்தான். ஆனால் பச்சைக் கறை அதிலிருந்து வரவில்லை. தண்ணீர் ஹோஸின் கிளிப் தளர்ந்து சொட்டியிருக்கிறது. ஒரே லீக் என்று நினைத்தது இரண்டாக இருந்தது.

சனிக்கிழமை இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தேன். காலையில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆறின எஞ்சினில் கூலன்டை வாளியில் பிடித்தேன் (தெரு நாய்கள் நக்கிவிடும், அது விஷம் என்பதால் மூடி வைத்தேன்). எல்லா நட்டும் வந்தன, ஒன்றைத் தவிர. அது ஸ்டட்டோடு வந்தது. உடையவில்லை. ஆனால் ஹெட்டில் மரை கொஞ்சம் தேய்ந்திருந்தது. அங்கே நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே கூப்பிட்டேன். ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாகப் போடும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுத்தார். மேனிஃபோல்டில் 0.1 தகடு நுழையவில்லை, ஃபேசிங் தேவைப்படவில்லை. பேஸ்ட் எதுவும் போடாமல் ஏற்றினேன். ஐடிலிங் இப்போது சீராக இருக்கிறது. அப்பாவை உட்காரவைத்து மலைக்கோட்டை வரை ஓட்டிக்காட்டினேன்.

பட்டறை_30வருஷம்

மரை தேய்ந்ததும் நிறுத்தினீர்களே, அதுதான் வண்டியைக் காப்பாற்றியது. நட்டு எப்படி முறுக்கினீர்கள்? கை அளவிலா?

திருச்சி_800

டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளக்கும் ஸ்பேனர்) இரவல் வாங்கினேன். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, கடைசியில் 23 நியூட்டன் மீட்டர்.

பட்டறை_30வருஷம்

18-லிருந்து 28 வரைதான் அதற்குக் கணக்கு, சரியாக இருக்கிறது. நான் 30 வருடமாகக் கை அளவில்தான் முறுக்குகிறேன், அதை மாற்றப்போவதில்லை. ஒரு வாரம் ஓடிய பிறகு எஞ்சின் நன்றாக ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள், புதுப் பேக்கிங் கொஞ்சம் அமுங்கும்.

ஞாயிறு_ஸ்பேனர்

ஹெலிகாயில் போட்ட அந்த ஒன்றில் மட்டும் கூடுதல் பலம் கொடுக்காதீர்கள். ரெஞ்சை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பரிடம் கேளுங்கள்.

திருச்சி_800

கேட்டுவிட்டேன். ஞாயிறு காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.