துண்டுச் சீட்டு சொருகி வைக்க பிளாஸ்டிக் ஹோல்டர்: சீட்டு நிற்கவில்லை, உதவி தேவை (அவசரம்)

முறுக்குக்கடை எழுதியது:
வணக்கம். துண்டுச் சீட்டு சொருகி வைக்க ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர் டிசைன் செய்கிறேன். சிம்பிளாக, மலிவாக இருந்தால் போதும். தெரிந்த பையனிடம் சொல்லி 3டி பிரிண்ட் போட்டுப் பார்த்தாயிற்று. சீட்டு நிற்கவில்லை, முன்னால் மடங்கி விழுகிறது. சொருகும் பிளவின் கேப்பைக் குறைத்தால் சீட்டு உள்ளேயே போக மாட்டேன் என்கிறது. எவ்வளவு கேப் விட வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

ரஸ்தா எழுதியது:
சீட்டு என்ன அளவு? ஒரு நேரத்தில் எத்தனை சீட்டு? மேஜையில் வைப்பதா, சுவரில் மாட்டுவதா?

நூறடி ரோடு எழுதியது:
கூடவே இதையும் சொல்லுங்கள்: எந்தப் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் போட்டது, பி.எல்.ஏ.வா, ஏ.பி.எஸ்.ஸா? இப்போது கேப் எத்தனை மி.மீ.? ஒரு படம் போட்டால் பாதிக் கேள்வி குறையும்.

அச்சுப்பட்டறை (மூத்த உறுப்பினர்) எழுதியது:
"எவ்வளவு கேப்" என்று மொட்டையாகக் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது? மேலே ஒட்டி வைத்திருக்கும் 'கேட்பதற்கு முன் படிக்கவும்' இழையை இங்கே ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை. போகட்டும். மலிவு என்றாலே இன்ஜெக்‌ஷன் மோல்டிங்தான், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்துவது. பாலிபுரொப்பிலீன் போடுங்கள், கனம் 2 மி.மீ., அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பக்கங்களில் 1 முதல் 2 டிகிரி சரிவு. ஒரு பீஸுக்குப் பொருள் செலவு சில ரூபாய்தான் வரும். 3டி பிரிண்ட் என்பது விளையாட்டுச் சாமான் செய்ய.

ரஸ்தா எழுதியது:
அண்ணே, டை (அச்சு) வெட்டும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சின்ன டை என்றாலும் பல பத்தாயிரங்கள் போகும்.

அச்சுப்பட்டறை எழுதியது:
பத்தாயிரம் பீஸ் போட்டால் டை செலவு தெரியவே தெரியாது.

ரஸ்தா எழுதியது:
பத்தாயிரம் பீஸ் அவர் எங்கே கேட்டார்?

முறுக்குக்கடை எழுதியது:
விற்பதற்கு இல்லை. வீட்டு வேலைக்குத்தான், நாலைந்து இருந்தால் போதும். உள்ளங்கை அளவு சாதாரண நோட்டுத் தாள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, அப்புறம் வருகிறேன்.

நூறடி ரோடு எழுதியது:
அடுப்பா? ஹோல்டர் அடுப்பங்கரையில் இருக்கப் போகிறதா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் மாட்டினால் ஒரே வாரத்தில் கோணிக்கொள்ளும். பெட்ஜி என்றால் ஏறக்குறைய 80 தாங்கும், ஏ.பி.எஸ். 100 வரை. பையன் எதில் போட்டான் என்று கேளுங்கள். யாரும் சொல்லாவிட்டால் கடையில் பி.எல்.ஏ.வைத்தான் மாட்டுவார்கள்.

கோவிலூர் வண்டி எழுதியது:
எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி கேப்பைப் பற்றியது. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் கனம் 0.1 மி.மீ. அளவுதான். 0.4 மி.மீ. நாசில் (பிளாஸ்டிக் வெளியே வரும் முனை) உள்ள மெஷினில் 0.1 கேப் வரைந்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டே வரும். ஒட்டாமல் வர 0.3, 0.4 விட்டாக வேண்டும். விட்டால் தாள் உள்ளே ஆடும். அவருக்கு நடந்தது அதுதான். கேப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து இதற்குத் தீர்வு வராது.

பிளவை நேராக வெட்டாமல் அலை மாதிரி வளைத்து வெட்டுங்கள். கேப் 0.8 இருந்தாலும் பரவாயில்லை. தாள் வளைந்து வளைந்து உள்ளே போகும்போது தன் விறைப்பாலேயே இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். வளைந்த தாள் முன்னால் மடங்கி விழவும் விழாது. அதோடு பத்துப் பதினைந்து டிகிரி பின்பக்கம் சாய்த்துவிட்டால் படிக்கவும் வசதி.

புதுவயல் எழுதியது:
இதற்கு எதற்கய்யா டிசைன்? ஒரு கயிறு, ஒரு டஜன் துணி கிளிப். முடிந்தது.

நூறடி ரோடு எழுதியது:
இன்னொரு மலிவு வழி: பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கு வாங்குவோமே ஸ்டிக் ஃபைல், அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை. சின்னச் சின்னதாக வெட்டினால் நல்ல பிடிமானமான கிளிப். என்ன, தாளைப் பக்கவாட்டில்தான் ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்றை மட்டும் உருவ முடியாது.

கொட்டான் எழுதியது:
2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை இருக்கிறது, இங்கே எல்லோரும் சேர்ந்து புதிதாகப் பிளாஸ்டிக் செய்யச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நம் ஊரில் பனை ஓலைக் கொட்டான் இல்லையா? சீட்டை அதில் போட்டு வைக்கலாமே.

ரஸ்தா எழுதியது:
அந்தத் தடை ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பை, தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் மாதிரிச் சாமான்களுக்கு. வருஷக்கணக்கில் மாட்டி வைக்கும் ஹோல்டருக்கு இல்லை.

முறுக்குக்கடை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆத்தா காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம், கல்யாணச் சீர் ஆர்டர்தான் அதிகம். ஒரு ஆர்டருக்கு ஒரு சீட்டு. பெயர், என்னென்ன எத்தனை, என்றைக்கு, போன் நம்பர். இப்போது கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்தக் கம்பியில் குத்தி வைக்கிறோம். கம்பி சரியாக போன் நம்பரிலேயே ஏறும். ஓட்டையைச் சுற்றி எண்ணெய் ஊறி, அது 3ஆ 8ஆ என்று தெரியாமல் மாற்றி மாற்றி போன் போட வேண்டியிருக்கிறது. அடியில் மாட்டிய சீட்டை எடுக்க மேலே இருப்பதை எல்லாம் உருவ வேண்டும். கொட்டானில் போட்டாலும் எது முந்தி எது பிந்தி என்று தெரியாது.

துணி கிளிப் கட்டிப் பார்த்தோம். ஒரு கையால் அமுக்கி மறு கையால் சீட்டை வைக்க வேண்டும். ஆத்தாவுக்கு ஒரு கை எப்போதும் மாவில் இருக்கும். ஸ்டிக் ஃபைல் பட்டைக்கும் இதே கதைதான். ஒரு கையால், பார்க்காமலே சொருக வேண்டும், நடுவில் உள்ளதை உருவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு சீட்டு வரிசையாகத் தெரிய வேண்டும். மாட்டும் இடம் இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது உள்முற்றப் பகுதி) அடுப்புக்கு எதிர்ச்சுவர், ஐந்தாறு அடி தள்ளித்தான் இருக்கிறது. பிரிண்ட் போட்டது பி.எல்.ஏ.வாம், பையனைக் கேட்டேன்.

நூறடி ரோடு எழுதியது:
இப்போதுதான் கேள்வியே வந்திருக்கிறது. ஐந்தாறு அடி என்றால் சூடு பிரச்சினை இல்லை. கையால் எழுதுவதற்குப் பதில் ஒரு சின்ன பில் மெஷின் வாங்கிவிட்டால் எழுத்தாவது தெளிவாக இருக்குமே?

ரஸ்தா எழுதியது:
வேண்டவே வேண்டாம். அது சூட்டில் எழுத்து வரும் தாள். அடுப்புச் சூடு பட்டால் முழுத்தாளும் கறுத்துப் போகலாம். மெத்தென்ற பி.வி.சி. உறைக்குள் போட்டால் எழுத்தே வெளிறிவிடும். உறையை மெத்தென்று ஆக்கக் கலந்திருக்கும் இளக்கி அப்படிச் செய்கிறது. கல்யாண ஆர்டரை மாசக்கணக்கில் வைத்திருக்க பால்பாயிண்ட் பேனாதான் சரி.

கோவிலூர் வண்டி எழுதியது:
ஒரு கைதான் என்றால் என் அலைப் பிளவு கொஞ்சம் கஷ்டம். இரண்டு மூலையையும் சரியாகப் பிடித்து இறக்க வேண்டும்.

பந்தி எழுதியது:
நான் சமையல்காரன். பெரிய ஓட்டல் கிச்சனில் இதற்கென்றே ஒரு சாமான் உண்டு. ஆர்டர் சீட்டு மாட்டும் அலுமினியப் பட்டை, உள்ளே கண்ணாடிக் கோலி இருக்கும். சீட்டைக் கீழிருந்து மேலே தள்ளினால் கோலி கொஞ்சம் ஏறி வழிவிடும். கையை எடுத்ததும் தன் எடையில் இறங்கி, சீட்டை முன்சுவரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே இழுக்க இழுக்க இன்னும் இறுகும். எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் இழுங்கள், கோலி உருண்டு விட்டுவிடும். ஸ்பிரிங் இல்லை, ஸ்குரூ இல்லை. ஒரு கையில் கரண்டியோடு வருஷக்கணக்கில் மாட்டியிருக்கிறோம்.

கோவிலூர் வண்டி எழுதியது:
அடடா, இதுதான் வேண்டும். முன்சுவர் நேராக, பின்சுவர் கீழே வர வர முன்னால் நெருங்கி வரும் ஒரு ஆப்பு வடிவம், அவ்வளவுதான். அளவு போட்டுப் பார்த்தேன். நம் கடைகளில் கிடைக்கும் கோலி 16 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சுவர் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்வு, உயரம் 30 மி.மீ., அடித்திறப்பு 12 மி.மீ. கோலி திறப்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடும், வெளியே விழாது. 200 மி.மீ. நீளத்துக்குப் 12 கோலி, கொஞ்சம் ஆட இடம் இருக்கும். சாய்வை 30க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஆப்பு விரிந்துவிட்டால் எண்ணெய்த் தாள் வழுக்கும். சீட்டின் மேல் 2 செ.மீ. உள்ளே மறையும், அங்கே எழுத வேண்டாம்.

ரஸ்தா எழுதியது:
இதற்கு 3டி பிரிண்ட்கூட வேண்டாம் போலிருக்கிறதே? நேம் போர்டு செய்யும் கடையில் வெட்டியது போக 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு கிடக்கும். இரண்டு நீளப் பட்டை, இரண்டு முனைக்கும் சாய்வாக வெட்டிய அடைப்பு. குளோரோஃபார்ம் தொட்டு ஒட்டுவார்கள். அதை அவர்களையே செய்யச் சொல்லுங்கள், அடுப்பங்கரையில் வைத்துச் செய்ய வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெரிவதால் அந்த 2 செ.மீ.யும் மறையாது. சுவரில் இரண்டு பிளக் அடித்து மாட்டிவிடலாம்.

ஆயா வீடு எழுதியது:
இரண்டாங்கட்டு என்கிறார். பழைய வீட்டு முட்டைப் பூச்சுச் சுவராக இருந்தால் தயவுசெய்து டிரில் போடாதீர்கள். மேல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். அதைத் திரும்பப் பூசிக் கொடுக்க ஆள் தேடித் திரிய வேண்டும்.

அச்சுப்பட்டறை எழுதியது:
முட்டைப் பூச்சு என்பதெல்லாம் ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதை. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினது. அவ்வளவு பெரிய வீட்டுக்கு எத்தனை ஆயிரம் முட்டை உடைப்பது?

ஆயா வீடு எழுதியது:
சுவர் முழுக்க முட்டை என்று யார் சொன்னது? வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு. அடிப்பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம். எங்கள் வீட்டில் பழுது பார்த்தபோது நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அச்சுப்பட்டறை எழுதியது:
நீங்கள் பார்த்தது இப்போது செய்த பழுது. நான் சொல்வது அந்தக் காலத்துச் சுவர்.

புதுவயல் எழுதியது:
பெயர்ந்தால் என்ன, கொஞ்சம் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொள்ளலாம்.

ஆயா வீடு எழுதியது:
சிமெண்டா! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பக்கத்துப் பூச்சையும் தள்ளிக்கொண்டு வரும். பாதி ஊரில் வீடுகள் இப்படித்தான் கெடுகின்றன. டபுள் சைடு டேப்பும் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது மெருகோடு வரும்.

அச்சுப்பட்டறை எழுதியது:
இது பிளாஸ்டிக் பகுதி. கட்டடக்கலைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

ரஸ்தா எழுதியது:
ஆரம்பித்து வைத்ததே நீங்கள்தானே அண்ணே.

பந்தி எழுதியது:
சுவரை விடுங்கள். ஜன்னல் கம்பி இருக்கும் இல்லையா? அக்ரிலிக் பின்பட்டையில் நாலு ஓட்டை போட்டு கேபிள் டையால் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள். ஓட்டையை ஒட்டுவதற்கு முன்னாலேயே போடச் சொல்லுங்கள். விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும்.

நூறடி ரோடு எழுதியது:
முறுக்குக்கடை, இருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

புதுவயல் எழுதியது:
ஆவணி மாசம், பலகார ஆர்டர் குவிந்திருக்கும். அவர் இனி எங்கே வரப் போகிறார்.

முறுக்குக்கடை எழுதியது:
அக்ரிலிக்கில் செய்து ஜன்னல் கம்பியில் கட்டியாயிற்று. கோலி நன்றாகப் பிடிக்கிறது. முதலில் போட்ட கோலி சில ஒரு சைஸாக இல்லை. சின்னது நின்ற இடத்தில் மட்டும் சீட்டு நழுவியது. பொறுக்கி மாற்றியதும் சரியாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை கோலியை வெளியே எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு. ஆத்தா பழைய கம்பியையும் தூக்கிப் போடவில்லை, முடிந்த ஆர்டரை அதில் குத்துகிறார்கள். பந்தி அண்ணனுக்கும் கோவிலூர் வண்டிக்கும் ரொம்ப நன்றி.

அச்சுப்பட்டறை எழுதியது:
பாலிபுரொப்பிலீனில் போட்டிருந்தால் கழுவ இன்னும் சுலபம்.

கொட்டான் எழுதியது:
ஒரே சைஸ் கோலி காரைக்குடியில் எங்கே வாங்கினீர்கள்? எங்கள் கடைக்கும் ஒன்று செய்ய வேண்டும், பில் எல்லாம் பறக்கிறது.

ரஸ்தா எழுதியது:
பில் என்ன அளவு, எத்தனை, மேஜையிலா சுவரிலா?