ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

பனைமரத்தடி:

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் 11 வருஷம் தமிழ் வாசகம் எழுதினேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டது ஒன்று, வேறோர் இடத்தில் என் குடும்பத்துக்குள் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

ஒரு தீபாவளிக்கு வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றுக்கு விளம்பரம் எழுதினோம். ஃப்ரிட்ஜை ரொக்கமாக வாங்கினால் 2,500 ரூபாய் தள்ளுபடி உண்டு. தவணையில் வாங்கினால் அது கிடையாது, செயலாக்கக் கட்டணம் வேறு. நான் முதலில் எழுதிய வரி இது: “ரொக்கம் 27,500. தவணையில் மொத்தம் 30,599.” கடைக்காரர்கள் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, “வட்டியே இல்லை!” என்று பக்கம் முழுக்கப் போடச் சொன்னார்கள். ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு வரிசை போல ஆங்கிலத்தில் மூன்று வரி. பொய் சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. “இவ்வளவு தெளிவா வேண்டாம்” என்றுதான் சொன்னார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். 0% வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. தமிழில் வாக்குறுதி கொடுத்தால் நிபந்தனையும் தமிழிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. நான் எழுதிய காலத்தில் அந்த விதி இல்லை. இருந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது சித்தி கதை. சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த நேரத்தில் சித்திக்கு வாட்ஸப்பில் ஒரு கிறிஸ்தவப் பிரசங்க ஊழியத்தின் செய்திகள் வர ஆரம்பித்தன. “விதை காணிக்கை” என்று மாதம் 2,000 ரூபாய் அனுப்பினார். விதைத்தால் முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் வரும், சுகம் வரும் என்றார்கள். 14 மாதம் அனுப்பினார். கடைசி ஐந்து மாதம் அனுப்பியது வளையலை அடகு வைத்த பணம்.

ஊருக்குப் போனபோது அந்த ஊழியத்தின் துண்டுப் பிரசுரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். “சுகம் நிச்சயம்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் சின்னதாக, “அவரவர் விசுவாசத்தின் அளவின்படி.” எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது என் நட்சத்திரக் குறி. சுகம் வந்தால் ஊழியத்துக்குப் பெயர், வராவிட்டால் குற்றம் சித்தியின் விசுவாசத்தில். நான் கடைக்கு எழுதிக்கொடுத்த அதே கட்டமைப்பு, வசனத்தை உடுத்திக்கொண்டு நின்றது.

நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஜெபத்துக்குப் பைபிளில் லூக்கா 8-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். விதைக்கிறவன் உவமைதான். 11-ஆம் வசனத்தில் சித்தி நின்றுவிட்டார். “விதை தேவனுடைய வசனம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். “ஏலே, இதுல விதைன்னா வசனம்னுல்லா போட்டிருக்கு? பணம்னு எங்க இருக்கு?”

உவமையைச் சொன்னவரே அர்த்தத்தையும் சொல்லி வைத்திருக்கிறார், மூன்றே மூன்று சொல்லில். அதன் மேல் எத்தனை மணி நேரப் பிரசங்கத்தைக் கொட்டி மூடியிருக்கிறார்கள்! உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தையல்கடை அக்கா:

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்றேன். பவர் மெஷின் ரெண்டு வாங்க ஒரு லட்சம் கடன் எடுத்தேன். வீட்டுக்கு வந்த பையன், “ஒரு ரூபா வட்டிதான்க்கா, ஊர்ல யாரும் தர மாட்டாங்க” என்றான். ஒரு ரூபா வட்டி என்றால் நமக்குத் தெரியும், நூத்துக்கு மாசம் ஒண்ணு, வருஷத்துக்கு 12. மூணு வருஷம், மாசம் 3,778. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

பி.காம் படிக்கிற என் பொண்ணு ஒரு நாள் அட்டையைப் பார்த்துட்டு நோட்டுல கணக்குப் போட்டா. “அம்மா, நீ மாசாமாசம் அசலையும் சேர்த்துத்தானே அடைக்கிற? 30 மாசம் கட்டின பிறகு அசல்ல 17,000கூட பாக்கி இருக்காது. ஆனா அப்பவும் ஒரு லட்சத்துக்கு உண்டான வட்டி ஆயிரத்தையே வாங்குறாங்க.” குறையுற அசலுக்குக் கணக்குப் பார்த்தா 21 சதவீதத்துக்கு மேல வந்துச்சு. எனக்கு நம்ப முடியல. மறுபடி போடச் சொன்னேன், அதேதான் வந்துச்சு.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. அந்தக் கணக்கை அப்படி வகுத்து அவன் வாயில கொடுத்தவங்க மேலதான் கோபம். கடன் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2024 அக்டோபர் 1-லேர்ந்து வங்கியோ ஃபைனான்ஸோ, கையெழுத்துக்கு முன்னாடி நமக்குப் புரியுற பாஷையில ஒரு முக்கிய விவரத் தாள் கொடுத்தாகணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ வட்டி சதவீதம் அதுல இருக்கும். அந்த ஒரு எண்ணை விரலை வெச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

மருந்துக்கடை, கோவை:

என் அப்பா 40 வருஷம் சிகரெட் பிடித்தார். “நிரூபணம் ஆகலைடா” என்பார். “எதிர்வீட்டுத் தாத்தா 90 வயசு வரைக்கும் பீடி குடிச்சாரே” என்பார். இதை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. புற்றுநோய்க்குச் சிகரெட்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே உதவுகிறோம் என்றது அது. 1969-ல் அதில் ஒரு கம்பெனியின் உள்குறிப்பில், “சந்தேகம்தான் நமது சரக்கு” என்றே எழுதியிருந்தார்கள். அந்தத் தாள் பிற்பாடு வழக்குகளில் வெளியே வந்தது. சிகரெட் நல்லது என்று மக்களை நம்பவைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. “இன்னும் முடிவாகல” என்று தோன்றினால் போதும், கை தானாக அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடும். அந்த வார்த்தை கடல் தாண்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, அப்பா வாயில் உட்கார்ந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோயில்தான் போனார்.

பழைய உபதேசியார்:

பனைமரத்தடி தம்பிக்கு ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் சபைகளில் 31 வருஷம் ஊழியம் செய்தவன் நான். லூக்கா 8:11-ஐக் காட்டினீர்கள், சந்தோஷம். ஆனால் அவர்கள் உடனே வேறொரு வசனத்தை எடுப்பார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். 2 கொரிந்தியர் 9:6: “பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்.” அங்கே அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பணத்தைத்தான் சொல்கிறார், அதை மறைக்கக் கூடாது.

ஆனால் எந்தப் பணம்? எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப்பணம். பவுலின் பைக்குப் போனது அல்ல. முந்தின அதிகாரத்தில் பாருங்கள், இந்தப் பணத்தைப் பற்றி ஒருவரும் தன்னைக் குற்றம் சொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூடவே அனுப்புகிறார். 9:6-க்கு அடுத்த வசனத்திலேயே “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்று எழுதுகிறார். யாருக்குப் போகிறது, யார் கொண்டுபோகிறார், எப்படிக் கொடுக்க வேண்டும், மூன்றையும் திறந்து வைத்திருக்கிறார். ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் இந்த மூன்றும் காணாமல் போகும்.

எங்கள் சபையில் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைப்பார்கள், கைப்பிடி அரிசிக் காணிக்கை. படி கணக்கில் அளந்து ஏலம் விடுவோம். இத்தனை படி, இத்தனை ரூபாய் என்று ஆராதனை முடிவில் வாசிப்பேன். கூரை ஓட்டுக்கு எவ்வளவு போனது என்று அரிசி கொடுத்த பாட்டிக்குத் தெரியும். பழைய சபைகள் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குக் கேட்டவர்களைச் சபையைக் கெடுக்கிறவர்கள் என்று ஒதுக்கிவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

எனக்கு இதில் ஒரு தயக்கம். எளிமையாக இருப்பதெல்லாம் உண்மையா? “பணம் அனுப்பு, சுகம் வரும்” என்பதுதான் கேட்க எளிது. டாக்டர் சொல்வதுதான் தலை சுற்றும். பொய்யும் ஒரு வரியில் வரும். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பனைமரத்தடி:

டீச்சர் கேட்டது சரி. இரண்டு நாளாக அதையேதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை, கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். சித்தப்பாவின் சிறுநீரக டாக்டரிடம் சித்தி கேட்டபோது, அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரைக்காய் விதை மாதிரி இரண்டு வரைந்து, “இது ரெண்டும் இனி வேலை செய்யாதும்மா. மெஷின்தான் செய்யணும், இல்லன்னா மாத்தணும்” என்றார். இன்னொரு முறை கேட்டதற்கு இன்னொரு முறை வரைந்தார். அந்த ஊழியத்தின் எண்ணுக்குச் சித்தி போன் போட்டபோது, கேட்பதே அவிசுவாசம் என்று பதில் வந்தது.

உபதேசியார் ஐயா பதிவை சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே கடிதம் எழுதலாம் என்றார். நான் லேப்டாப்பைத் திறந்து வசனம், சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் அடித்தேன். சித்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு இன்லண்டு லெட்டரில் தன் கையாலேயே எழுதினார். “நான் அனுப்பிய 28,000 ரூபாயை எதற்குச் செலவு செய்தீர்கள்?” கீழே பெயர், முகவரி.

பதில் 19 நாள் கழித்து வந்தது. நாலு பக்கம், வழவழப்பான தாள். சித்தி முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து கடைசி வரை விரல் வைத்து வாசித்தார். செலவுக் கணக்கு எங்கேயும் இல்லை. மடித்து, வழக்கம்போலப் பைபிளுக்குள் வைக்கப் போனவர், எழுந்து போய் கேஸ் ரசீதுகள் குத்தி வைக்கும் கம்பியில் குத்திவிட்டு வந்தார்.