லெட்ச்வொர்த் பூங்காவின் கீழ் அருவியைப் படியிறங்காமல் பார்க்க இயலுமா?

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் மாநிலத்திலுள்ள லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவுக்கு, இலைகள் நிறம் மாறும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில், 72 வயதான என் தாயாரை மீண்டும் அழைத்துச் செல்லவிருக்கிறேன். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் அவரால் சமதளத்தில் கைத்தடியுடன் கால் மணி நேரம் நடக்க முடிகிறது, படிகள்தாம் இயலவில்லை.

சென்ற ஜூன் மாதம் போனபோது, ஜெனசி ஆறு 107 அடி உயரத்திலிருந்து விழும் நடு அருவியை கிளென் ஐரிஸ் விடுதியின் அருகிலிருந்தே கண்டோம். சாரலில் நனைந்ததில் என்னைவிட அவருக்கே மகிழ்ச்சி அதிகம். இன்ஸ்பிரேஷன் பாயின்டில் காரை நிறுத்தி, மேல் அருவியையும் அதற்கு மேலே செல்லும் ரயில் பாலத்தையும் பார்த்தோம். கீழ் அருவிக்கோ வாகன நிறுத்துமிடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருந்ததால், பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் முதலாம் எண் நடைபாதையில் நான் மட்டும் சற்றுத் தூரம் நடந்து பார்த்தேன். வேர்களும் ஏற்ற இறக்கங்களுமாக இருந்த அது அவருக்கு ஒத்துவராது. கிழக்குக் கரைக்கு பரேட் கிரவுண்ட்ஸ் நுழைவாயில் இருப்பதை வரைபடத்தில் கண்டேன். ஆனால் அங்கிருந்து அருவி தெரியுமா என்பது வரைபடத்தில் புலப்படவில்லை. இம்முறை சக்கர நாற்காலியும் கொண்டுசெல்கிறோம்.

படிகளே இல்லாமல், சக்கர நாற்காலியில் சென்று கீழ் அருவியைக் காணக்கூடிய இடம் எந்தக் கரையிலாவது இருக்கிறதா?