கையால் செய்து கொடுத்த பரிசு: எது நிலைத்தது, எது குப்பைக்குப் போனது?

ஐந்து வயதுக்காரியின் அம்மா

என் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு வந்த 18 பிள்ளைகளுக்கும் ரிட்டர்ன் கிஃப்டாக வீட்டிலேயே பிசைந்த விளையாட்டு மாவைக் குட்டி டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தேன். கடையில் வாங்கினால் ஆகிற செலவில் பாதிகூட ஆகவில்லை என்று பெருமை வேறு. அடுப்பில் வைக்காமல் பச்சையாகவே பிசைந்தேன். பிள்ளைகளின் கை வறண்டுபோகுமே என்று உப்பையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஓர் அம்மாவிடமிருந்து போட்டோ வந்தது. "இந்தப் பச்சை கலர் நல்லா இருக்கே, என்ன கலந்தீங்க?" என்று கேட்டிருந்தார். நான் கலந்தது மஞ்சள். பச்சை, பூஞ்சை தானாகப் போட்ட கலர்.

18 வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிய அந்த ராத்திரியை மறக்க முடியாது.

அந்த மாவைக் கெடாமல் காப்பதே உப்புதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது நான் செய்கிற அளவு: மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் கூழாக இருக்கும், "ஐயோ கெட்டுப்போச்சு" என்று தோன்றும். பயப்படாதீர்கள். திடீரென்று திரண்டு, பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்து, பழைய கதைதான். நன்றாக மூடி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. வரும் பிள்ளைகளில் யாருக்காவது கோதுமை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நாய் வளர்க்கிற வீடு என்றால் டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். இவ்வளவு உப்பு நாய் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் செய்து கொடுத்ததில் எது இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது? எது போய்ச் சேர்ந்தது?

இரட்டையரின் அப்பா

பச்சை கலர் கதையைப் படித்துச் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று சகோதரி. என் கதையைக் கேட்டு நீங்கள் பழிவாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் நான்காவது பிறந்தநாளுக்கு ஜோடி சேர்க்கும் அட்டை விளையாட்டு செய்தேன். 12 படம், படத்துக்கு இரண்டாக 24 அட்டை. கவிழ்த்துப் பரப்பிவிட்டு, இரண்டிரண்டாகத் திருப்பி ஒரே படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஆட்டத்திலேயே மகள் ஒரு தப்புக்கூட இல்லாமல் வரிசையாக எடுத்துக்கொண்டே போனாள். என்ன ஞாபகசக்தி என்று நான் பூரித்து நிற்கும்போது பையன் போட்டுக்கொடுத்தான்: "அப்பா, அதான் பின்னாடியே தெரியுதே!" சாதாரண ஏ4 தாளில் அச்சடித்து அப்படியே வெட்டியிருந்தேன். கவிழ்த்து வைத்தாலும் உள்ளிருக்கும் யானை நிழலாகத் தெரிகிறது.

காலி அட்டைப் பெட்டியை வெட்டி, ஒரு பக்கம் படம், மறுபக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அடர்நிறத் தாள் என்று இரண்டாம் தடவை ஒட்டினேன். நீர்த்த வெள்ளைப் பசையைத் தடவியதில் அட்டையெல்லாம் அப்பளமாக வளைந்துகொண்டது. மூன்றாம் தடவை குச்சிப் பசை. ஒட்டிய கையோடு தடிப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தேன். தட்டையாக வந்தது. மூலைகளை உருட்டி வெட்டியதால் இன்றுவரை நுனி பிரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு அட்டை. குடும்பம் மொத்தமும் கூடிய ஒரு விசேஷத்துக்காகச் செய்தது. எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு படம் இருக்கும். முதலில் பார்த்துக் கத்துகிறவருக்கு அட்டை. கடைகளிலும் இந்த வகை கிடைக்கிறது. நான் படங்களுக்குப் பதில் நம் ஆட்களின் முகங்களைப் போட்டேன்.

13 முகம் வேண்டும். அவர்களுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுங்கள். முதல் அட்டையில் 1, 2, 4, 10 ஆகிய நான்கு முகங்கள். அடுத்த அட்டைக்கு எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டுங்கள்: 2, 3, 5, 11. இப்படியே போய், 13-ஐத் தாண்டினால் மறுபடி 1. அதாவது நான்காவது அட்டை 4, 5, 7, 13. ஐந்தாவது 5, 6, 8, 1. மொத்தம் 13 அட்டை. எதையும் எதையும் சேர்த்துப் பாருங்கள், சரியாக ஒரு முகம்தான் பொருந்தும். மந்திரம் ஒன்றும் இல்லை. 13 எண்களை வட்டமாக நிற்க வைத்து, 1, 2, 4, 10-க்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை அடி என்று எண்ணினால், 1 முதல் 12 வரை ஒவ்வொரு தூரமும் ஒரே ஒரு தடவை வருகிறது. அதனால்தான் இரண்டாவது முகம் பொருந்த இடமே இல்லை. அட்டைக்கு அட்டை அதே முகத்தைச் சின்னதும் பெரிதுமாக, சிலதைத் தலைகீழாகவும் ஒட்டினால் ஆட்டம் சூடு பிடிக்கும்.

"பெரியப்பா!" "இல்ல, இது சித்தி!" என்று வீடே அலறியது. பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுவரை யார் பெரியப்பா, யார் ஒன்றுவிட்ட மாமா என்றே தெரியாது. ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிட்டது.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? எங்கள் குடும்பத்தில் 14 பேர். விடுபட்ட மாமா இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 14-க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அடுத்து நேராக 21-தான். 1, 2, 5, 15, 17 என்று ஆரம்பித்து, 21-ஐத் தாண்டினால் 1. அட்டைக்கு ஐந்து முகம், 21 அட்டை. மாமாவுக்காகவே அதையும் செய்தேன். மீதி ஏழு இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஊசிநூல் பைத்தியம்

நாத்தனார் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் துணிப்பொம்மை தைத்தேன். பழைய பருத்திப் புடவை, உள்ளே பஞ்சு, கண்ணுக்கு அழகாக இரண்டு கறுப்புப் பட்டன். எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். "கையைக் கடிக்காம முடிச்சுட்டா" என்று பின்வரிசையில் ஒரு குரல். காதில் விழாத மாதிரி நின்றேன். இங்கே எழுதுகிற யாருக்குமே இது நடந்திருக்கும். பதினோரு ராத்திரி தைத்திருக்கிறேன், அது அந்தக் குரலுக்கு எங்கே தெரியும்?

மறுநாள் நாத்தனார் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு கண்ணு வாயில வந்துடுச்சு" என்று உள்ளங்கையில் பட்டனைக் காட்டினாள். அந்தக் குரல் தராத வலியை இது தந்தது. குழந்தை விழுங்கியிருந்தால்?

அன்றிலிருந்து மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பட்டன், மணி, கிலுகிலுப்பு எதுவும் வைப்பதில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் நூலால் பூத்தையல். மற்றதுக்கு டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழல்தான் என் அளவுகோல். அதற்குள் நுழைகிற எதுவும் சின்னக் குழந்தை கைக்குப் போகக் கூடாது. பொம்மை கழுத்தில் நீள ரிப்பனும் வேண்டாம். காந்தம் வைத்த பொம்மைகளும் அப்படித்தான். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு பக்கமிருந்தும் இழுத்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும்.

கண்ணைப் பிரித்து நூலால் தைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. பொம்மையின் இடது கையை மூன்று தடவை ஒட்டுப்போட்டிருக்கிறேன். புதுக்கை தைத்துத் தரவா என்றால் வேண்டாம் என்கிறாள்.

மெழுகுவர்த்தி ஆசாமி

சுருக்கமாகச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. வீட்டில் உடைந்து கிடந்த க்ரேயான்களை உருக்கிக் கலந்து 20 கலர் மெழுகுவர்த்தி ஊற்றி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இருபதில் ஒன்றுகூட ஒழுங்காக எரியவில்லை. க்ரேயானில் இருக்கும் நிறப்பொடி திரியை அடைத்துக்கொள்கிறது. மெழுகுக்கென்றே விற்கிற சாயம்தான் போட வேண்டும். அதே க்ரேயான் துண்டுகளை சிலிகான் அச்சில் உருக்கி நட்சத்திரமும் இதயமுமாகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கொண்டாடுவார்கள். மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் சீறும். அடுப்பை அணைத்துவிட்டு மூடி போட்டு மூட வேண்டும்.

கணக்குப் பார்ப்பவள்

எல்லோரும் மலிவு மலிவு என்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசிக்கொள்கிறேன். என் முதல் "மலிவுப் பரிசு"க்காக வாங்கியவை: சூட்டுப் பசைத் துப்பாக்கி, பூ வடிவில் வெட்டும் பஞ்ச், ஆறு நிற ரிப்பன், மினுமினுப்புத் தூள், நல்ல கத்தரிக்கோல். அந்தக் காசுக்கு எல்லோருக்கும் கடையிலேயே நல்ல பரிசாக வாங்கியிருக்கலாம். மினுமினுப்புத் தூள் இன்னமும் எங்கள் மெத்தையில் இருக்கிறது. இப்போது எனக்கு ஒரே விதிதான். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கருவியால் முடியாத வேலை என்றால் அது மலிவு இல்லை. பத்துப் பேருக்கு மேல் கொடுப்பதாக இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் செய்து நேரம் பாருங்கள். ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் 25 பிள்ளைகளுக்கு கிட்டத்தட்ட 17 மணி நேரம். கடையில் வாங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு அறுபது

மேலே சொன்ன தோழிக்கு: எனக்கு ஆன செலவு ஒரு கண்ணாடி ஜாடி, அதுவும் வீட்டில் இருந்தது. ஆனால் இரண்டு மாதம் அலைந்தேன்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவரைப் பற்றி 60 பேரிடம் ஒவ்வொரு சீட்டு வாங்கிச் சுருட்டிப் போடலாம் என்று நினைத்தேன். "அப்பாவைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டதற்கு வந்ததெல்லாம் "நல்ல மனிதர்", "உழைப்பாளி", "நீடூழி வாழ்க". ஒன்பது சீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம். கேள்வியை மாற்றினேன். "அப்பா உங்களிடம் கோபப்பட்டது எப்போது?", "அவரோடு கடைசியாக எதற்கு வாய்விட்டுச் சிரித்தீர்கள்?", "அவர் உங்களிடம் இன்னும் திருப்பித் தராத பொருள் என்ன?" பிறகு பாருங்கள். எழுத மாட்டேன் என்றவர்களைப் போனில் பேசச் சொல்லி நானே எழுதினேன். ஆனால் அவரவர் கையெழுத்தில் இருந்த சீட்டுகளைத்தான் அப்பா வெகுநேரம் வைத்துப் பார்த்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர், 30 வருடத்துக்கு முன் கடன் கொடுத்த குடை இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார். அப்பா மறுநாளே ஒரு குடை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வர ராத்திரி ஆயிற்று.

ஒரு தப்பும் செய்தேன். அப்பா அம்மாவோடு போன பயணங்களின் டிக்கெட்டுகளைச் சேர்த்துச் சின்ன ஆல்பமும் செய்தேன். ஒரே வருடத்தில் பாதி டிக்கெட் வெறும் வெள்ளைத் தாள். பில், டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் சூட்டில் அச்சாகிற தாள், எழுத்து மங்கிப்போகும். முதலிலேயே நகல் எடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

பரிசு வாங்கியவள்

நான் எதுவும் செய்யவில்லை, வாங்கத்தான் செய்தேன். ஒன்பது வயது மகன் என் பிறந்தநாளுக்கு ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் மடித்துக் கொடுத்தான். தாளை எட்டாக மடித்துப் பிரித்து, அகலவாட்டில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் பாதி தூரம் மட்டும் வெட்ட வேண்டும். பிறகு பிரித்து நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் கூட்டல் குறி மாதிரி விரிந்து புத்தகமாகிவிடும். தையலும் இல்லை, பசையும் இல்லை.

அட்டை போக ஏழு பக்கம், ஏழு கூப்பன். "ஒரு தடவை பாத்திரம் கழுவுவேன்", "ஒரு தடவை தங்கச்சியோடு சண்டை போட மாட்டேன்" என்று. ஆறு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது "அரை மணி நேரம் கேள்வியே கேட்க மாட்டேன்". அதைப் பயன்படுத்த மனசே வரவில்லை.

ஐந்து வயதுக்காரியின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. இரட்டையரின் அப்பாவே, உங்கள் முக அட்டையை இந்த வருடம் செய்வதாக முடிவாகிவிட்டது. நேற்று ராத்திரி 1, 2, 4, 10 என்று எழுதி 13 அட்டையையும் ஒன்றோடு ஒன்று வைத்துச் சரிபார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. எங்கள் வீட்டுக் கஷ்டம் உங்களுக்கு நேர்மாறானது. எப்படி எண்ணினாலும் 12 முகம்தான் தேறுகிறது. மகளிடம் கேட்டேன், யோசிக்கவே இல்லை. 13-ஆவது முகம் பூனை. இரண்டு நாளாகப் போட்டோ எடுக்கப் பார்க்கிறோம், நேராக நிற்க மாட்டேன் என்கிறது.