ட்ரங்கேட் செய்து பெரிதாக்கிய ஃபைல் டிஸ்க்கில் இடமே எடுக்கவில்லையே?

கேள்வி: உபுண்டு லினக்ஸ், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ட்ரங்கேட் கமாண்டால் ஒரு ஃபைலை 10 ஜிபி ஆக்கினேன், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஃபைலின் சைஸைக் காட்டும் எல்எஸ் கமாண்டு 10 ஜிபி என்கிறது, டிஸ்க்கில் பிடித்த இடத்தைக் காட்டும் டியூ கமாண்டு பூஜ்யம் என்கிறது. எதை நம்புவது?

பதில் 1: இரண்டுமே சரிதான். ட்ரங்கேட் ஐநோடில் (ஃபைலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பதிவு) இருக்கும் சைஸ் எண்ணை மட்டும்தான் மாற்றுகிறது, பிளாக் (டிஸ்க்கின் இடத்துண்டு) எதையும் ஒதுக்குவதில்லை; இப்படி இடம் ஒதுக்கப்படாத பகுதிக்கு ‘ஓட்டை’ என்று பெயர், அதைப் படித்தால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) பூஜ்யங்களைத் தரும், ஏதாவது எழுதும்போதுதான் இடம் பிடிக்கும். டேட்டாபேஸ் ஃபைலை இப்படி வைக்காதீர்கள், டிஸ்க் நிறைந்துவிட்டால் ஃபைலின் நடுவில் எழுதும்போதே இடமில்லை என்று பிழை வரும்.

பதில் 2: இடம் உறுதியாக வேண்டுமென்றால் எஃப்அலோகேட் கமாண்டு. பிளாக்குகளை உண்மையாகவே ஒதுக்கி, ‘இன்னும் எழுதப்படாதவை’ என்று எக்ஸ்டென்ட்டில் (தொடர்ச்சியான பிளாக்குகளின் பதிவு) குறித்து வைக்கும், அதனால் பூஜ்யம் எழுதும் வேலை இல்லை, யாரோ அழித்த பழைய ஃபைலின் தகவலும் கசியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கேட்டவர்: ஆமாம், இப்போது டியூவும் 10 ஜிபி காட்டுகிறது. அப்புறம், ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் உள்ள பென்டிரைவில்?

பதில் 1: அதில் ஓட்டை வசதியே கிடையாது, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவும் தாண்டாது.